எழுதுங்காலத்துக்குப் படியளப்பவர் யார்?

தமிழர்க்கு விழா எடுக்கத் தெரியும். படம் ஒன்று எடுத்து முடிக்கப்பட்டு, அயல்நாட்டு விழாவொன்றில் பரிசும் பெற்றுத் திரும்பிவிட்டால், அதன் இயக்குநருக்குப் பொன்னாடை போர்த்த மேடைகள் பல ஆயத்தமாகிவிடும். அந்தப் படம் சில தாள்களில் எழுதியும் அடித்தும் கிடந்த காலத்தில், எழுதியவர் அடுத்த மாத வாடகைக்கு வழி தெரியாமல் விழித்த காலத்தில், இந்த மேடைக்காரர்கள் எங்கிருந்தார்கள் என்று கேட்பவர் இல்லை. பேறுகாலத்தில் எட்டிப் பாராத சுற்றத்தார் பெயர்சூட்டு விழாவில் முன்வரிசையில் வந்து அமர்வதை ஒத்தது இது. அந்த முன்வரிசையில் அரசு இருக்கிறது. செய்தி ஏடுகள் இருக்கின்றன. தமிழ்ச் சங்கங்களும் இருக்கின்றன. ஆதலின் நாமும் இருக்கிறோம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் வணிகக் கட்டுக்குள் அடங்காத நல்ல படங்கள் அருகித் தோன்றுவதற்குத் திறமைக் குறைவு காரணம் அன்று; பார்ப்பவர் இன்மையும் முழுக் காரணம் அன்று. படத்தின் கருக்காலத்துக்குப் பொருள் கொடுப்பார் தமிழ்ச் சமூகத்தில் இல்லை என்பதே தலையாய காரணம். அந்தக் கடமையை ஏற்கத் தகுதியும் வசதியும் உடையவை புலம்பெயர்ந்த தமிழர் நடத்தும் சங்கங்கள். ஏற்காமல் இருப்பதற்கு அவை கூறும் காரணங்களில் ஒன்றும் நிற்காது.

கருக்காலம் என்று நான் சொல்வதைத் திரைத்துறையினர் ‘டெவலப்மெண்ட்’ என்பர். படப்பிடிப்புக்கு முற்பட்ட காலம் அது. சிறுகதையையோ நாவலையோ படமாக்குவதாயின் மூல ஆசிரியரிடம் முறையாக உரிமை பெறவேண்டும். கதை நிகழும் ஊரில் சென்று தங்கவேண்டும். அங்குள்ளவர் பேச்சைக் கேட்க வேண்டும். திரைக்கதையை ஒருமுறைக்கு நான்குமுறை மாற்றி எழுதவேண்டும். நடிக்கத் தக்கவரைத் தேடவேண்டும். செலவுத் திட்டம் வகுக்கவேண்டும். இவை முடிய ஓராண்டோ ஈராண்டோ ஆகும். இந்தக் காலத்தில் காமிரா வாடகை இல்லை, நட்சத்திரச் சம்பளம் இல்லை. எனவே ஒரு படத்தின் மொத்தச் செலவில் இது மிகச் சிறு பங்கே. ஆனால் அந்தச் சிறு பங்கைத்தான் எவரும் கொடுப்பதில்லை. தயாரிப்பாளரிடம் போனால், “முழுத் திரைக்கதையோடு வாருங்கள்” என்பார். அரசு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தால், திரைக்கதையும் செலவுத் திட்டமும் நாட்கணக்கும் இணைக்கச் சொல்லும். நீந்தக் கற்றபின் ஆற்றில் இறங்கு என்பது போன்ற நிபந்தனை இது.

இந்த நிபந்தனையைத் தாங்கி நிற்பவர் யார்? தந்தையின் சொத்தில் ஓராண்டு உண்ணக்கூடியவர் நிற்கலாம். பெரும்படங்களில் உதவி இயக்குநராகக் காலம் தள்ளி, இரவில் எழுதும் உடல்வலிமை உள்ளவர் சிலர் நிற்கலாம். மற்றவர் ஊர் திரும்பிவிடுகின்றனர். அவர்களோடு அவர்கள் அறிந்த ஊரும் தெருவும் தொழிலும் திரும்பிவிடுகின்றன. தமிழ்ப்படத்தில் நம் வாழ்வு இல்லை என்று அலுத்துக்கொள்கிறோமே, அந்த வாழ்வை அறிந்தவன் எழுதும் மேசைவரை வந்துசேரவே இல்லை என்பதை எண்ணுகிறோமா?

இந்தக் குறை தமிழ் மரபில் ஊறியது என்று எவரேனும் சொல்வாராயின் அது பிழை. நம் பழம்புலவர் உலகில் பரிசில் என்பது வாழ்வுக்குக் கொடுப்பது. இன்றைய பரிசு என்பது முடிந்த வேலைக்குக் கொடுப்பது. கம்பர் காவியம் இயற்றிய காலமெல்லாம் அவரைத் தாங்கியவர் திருவெண்ணெய்நல்லூர்ச் சடையப்ப வள்ளல் என்பது வழிவழிச் செய்தி. காவியம் அரங்கேறிய பிறகு மாலையோடு வந்தவர் என்று சடையப்பரை எவரும் சொல்வதில்லை. உமறுப்புலவரின் சீறாப்புராணம் உருவாவதற்கு வள்ளல் சீதக்காதியும், அவருக்குப் பின் அபுல் காசிம் மரைக்காயரும் துணைநின்றனர். இன்னும் அண்மைக்கு வந்தால், 1887இல் சீவகசிந்தாமணியை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர், நூல் வெளிவருமுன்னரே பலரிடம் கையொப்பம் வாங்கிப் பொருள் திரட்டினார். அச்சாகாத நூலை நம்பிக் கையொப்பமிட்ட வக்கீல்களும் ஆசிரியர்களும் இல்லாதிருந்தால், இன்று நாம் மேடையில் பேசிப் பெருமைகொள்ளும் சிந்தாமணி அன்று அச்சேறியிராது. வருவதற்கு முன் கொடுப்பது தமிழனின் பழைய வழக்கம். வந்தபின் கைதட்டுவது அவன் புதிதாகப் பழகிக்கொண்டது.

திரைப்படத்தில் இந்தப் பழைய வழக்கத்தை இந்திய அரசு ஒருகாலத்தில் ஓரளவு மேற்கொண்டது. சத்யஜித் ராய் மனைவியின் நகையை அடகுவைத்தும் முடிக்க இயலாதிருந்த ‘பதேர் பாஞ்சாலி’யை மேற்கு வங்க அரசின் பணம் முடித்துத் தந்தது, 1955இல் படம் வெளிவந்தது. படப்பெயரில் பாதை என்னும் சொல் இருந்தமையால் அச்செலவு சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதப்பட்டது என்பது பலரும் அறிந்த வேடிக்கை. 1960இல் மத்திய அரசு திரைப்பட நிதிக் கழகத்தைத் தோற்றுவித்தது. மிருணாள் சென்னின் ‘புவன் ஷோம்’ (1969), மணி கௌலின் ‘உஸ்கி ரோட்டி’ ஆகியவை அக்கழகத்தின் கடனில் பிறந்தன. அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘சுயம்வரம்’ (1972) ஏறத்தாழ இரண்டரை லட்ச ரூபாயில் முடிந்தது. அதில் ஒன்றரை லட்சம் கழகம் கொடுத்த கடன். அப்படம் தேசிய விருதுகளில் சிறந்த படம், சிறந்த இயக்குநர் உள்ளிட்ட நான்கைப் பெற்றது. மலையாளப் படவுலகின் போக்கையே மாற்றியதற்கு ஆன விலை அந்த ஒன்றரை லட்சம்.

இதைக் கண்டு கணக்கர்கள் சும்மா இருக்கவில்லை. நாடாளுமன்றத்தின் பொதுத்துறை நிறுவனக் குழு 1976இல் கழகத்தின் கலைப்படக் கொள்கையைக் குறைகூறி, வணிக வெற்றிக்கு நியாயமான வாய்ப்புடைய படங்களுக்கே கடன் தரவேண்டும் என்று அறிவுரை கூறிற்று. வாய்ப்பு வெளிப்படையாகத் தெரியும் படத்துக்கு வட்டிக்கடைக்காரரே கொடுப்பாரே, அரசு எதற்கு என்று அவர்களைக் கேட்பார் இல்லை. 1980இல் நிதிக் கழகம் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைந்தது. அந்த வளர்ச்சிக் கழகமே தயாரித்த படம் கே. எஸ். சேதுமாதவன் இயக்கிய ‘மறுபக்கம்’. 1990ஆம் ஆண்டின் சிறந்த இந்தியப் படத்துக்கான தங்கத் தாமரை அதற்குக் கிடைத்தது. தமிழ்ப்படம் ஒன்று அவ்விருதைப் பெற்றது அதுவே முதல்முறை. எத்தனையோ ஆண்டுகள், எத்தனையோ கோடிகள் கண்ட தமிழ்த் திரையுலகம் எட்டாத இடத்தை, ஒரு பொது நிறுவனத்தின் சிறு முதலீடு எட்டிற்று.

இங்கே டில்லித் தமிழர் சற்று நின்று கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ‘மறுபக்கம்’ இந்திரா பார்த்தசாரதியின் ‘உச்சி வெயில்’ என்னும் குறுநாவலிலிருந்து உருவானது. அவர் டில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 உயிர்கள் எரிந்த கொடுமையை அடியாகக் கொண்ட அவருடைய ‘குருதிப்புனல்’, 1977இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றது; அதனைத் தழுவி ஸ்ரீதர் ராஜன் இயக்கிய ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ (1983), சிறந்த முதற்படத்துக்கான இந்திரா காந்தி விருதைப் பெற்றது. ஜான் ஆபிரகாம் இயக்கி, 1977ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப்படமாகத் தேர்வுபெற்ற ‘அக்ரஹாரத்தில் கழுதை’க்குத் திரைக்கதை எழுதியவர் வெங்கட் சாமிநாதன். அவரும் நெடுங்காலம் டில்லியில் மத்திய அரசு அலுவலராக இருந்தவர். தமிழின் மாற்றுப்பட வரலாற்றில் தவிர்க்கவியலாத மூன்று படங்களின் வேர் இந்நகரத் தமிழரின் எழுதும் மேசைகளில் இருக்கிறது. கோடம்பாக்கத்துக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்பாருக்கு இதுவே விடை.

அம்மேசைகள் எவ்வாறு நிலைத்தன? ஒருவருக்குப் பல்கலைக்கழகச் சம்பளம். மற்றவருக்கு அரசுச் சம்பளம். முதல் தேதி தவறாமல் வந்த அந்தச் சம்பளமே, தான் அறியாமல், தமிழ்ப்படத்தின் கருக்காலத்துக்குப் படியளந்தது. இன்று டில்லியிலும் குருகிராமத்திலும் நொய்டாவிலும் வேலைபார்க்கும் தமிழ் இளைஞரின் நிலை வேறு. ஒப்பந்த வேலை, இரவும் பகலும் ஒன்றாகிவிட்ட அலுவல் நேரம், போக்குவரத்திலேயே கழியும் மாலை. முன்தலைமுறைக்கு அலுவலகம் தற்செயலாகக் கொடுத்த ஓய்வை, இத்தலைமுறைக்கு யாரேனும் அறிந்தே கொடுத்தாலன்றி அடுத்த ‘உச்சி வெயில்’ எழுதப்படாது.

அறிந்தே கொடுப்பவர் உலகில் இல்லாமல் இல்லை. நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் சார்பில் 1988இல் ஹூபர்ட் பால்ஸ் நிதி தொடங்கப்பெற்றது. ஆசிய, ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்க நாடுகளின் படைப்பாளிகளுக்குத் திரைக்கதைக் கட்டத்திலேயே பொருளுதவி செய்வது அதன் பணிகளுள் ஒன்று. கோவையைச் சேர்ந்த அருண் கார்த்திக்கின் ‘நசீர்’ அந்த நிதியின் துணையால் உருப்பெற்றது. இந்திய டச்சுக் கூட்டுத் தயாரிப்பாக எடுக்கப்பட்டு, 2020இல் அதே விழாவின் போட்டிப் பிரிவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அதற்கு மூலம் திலீப்குமாரின் ‘ஒரு குமாஸ்தாவின் கதை’. திலீப்குமார் குஜராத்தியைத் தாய்மொழியாகக் கொண்டு தமிழில் எழுதுபவர். கதையின் நாயகன் கோவையில் துணிக்கடையொன்றில் வேலைபார்க்கும் இசுலாமியர். தமிழ்நாட்டின் பன்மை முழுவதும் அச்சிறுகதையில் இருக்கிறது. அதைப் படமாக்கும் எண்ணத்துக்கு முதற்சோறு இட்டது நெதர்லாந்து.

இதில் அருண் கார்த்திக்குக்கு இழுக்கு ஒன்றும் இல்லை. அவர் செய்தது முயற்சி. இழுக்கு நம்முடையது. பொருள்பெற்ற பாணன் வழியில் கண்ட வறிய பாணனுக்கு, இன்ன நாட்டுக்குப் போ, இன்ன வள்ளலைக் காண் என்று வழிகாட்டுவதை நம் முன்னோர் ஆற்றுப்படை என்று தனித்துறையாகவே வகுத்தனர். இன்றைய தமிழ்ப்பட இளைஞன் தன் தோழனுக்கு ஆற்றுப்படை பாடினால், அதில் வரும் ஊர்ப்பெயர் ராட்டர்டாம். வழியில் எத்தனை தமிழ்ச் சங்கங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றன் வாயிலிலும் அவன் நிற்கவில்லை. நின்றும் பயனில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

மேலும், அயலார் பணத்தில் ஓர் இக்கட்டு உண்டு. விண்ணப்பத்தைத் தமிழறியாதவர் படிக்கிறார். அவர் நல்லெண்ணம் உடையவராகவே இருக்கட்டும். நம் வாழ்வில் எது சிக்கல், எது செய்தித்தாள் வழி அவர் முன்னரே அறிந்த சிக்கல் என்பதைப் பிரித்துணர அவருக்கு வாய்ப்பில்லை. எனவே எழுதுபவன், அவருக்கு விளங்கும் கதையையே தேர்ந்தெடுக்கத் தூண்டப்படுகிறான். தமிழனுக்கு முதலில் விளங்கவேண்டிய கதை இரண்டாம் இடத்துக்குப் போகிறது. நம் வாசகர் குழு ஒன்று நம் திரைக்கதையை நம் மொழியில் படித்துத் தேர்வுசெய்யும் ஏற்பாடு இருந்தால் இந்த இக்கட்டு நேராது.

உள்நாட்டில் வழியே இல்லையா என்று கேட்கலாம். தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2007 முதல் திரைக்கதைப் பயிலரங்கு நடத்தி வந்திருக்கிறது; 2013இல் பேர்பெற்ற ‘தி லஞ்ச்பாக்ஸ்’ அதன் வழியாக வந்ததே. நல்ல பணிதான். ஆனால் இந்திய மொழிகள் அனைத்துக்கும் சேர்த்து ஆண்டுக்குச் சில திரைக்கதைகள் என்னும்போது, தமிழின் பங்கு எவ்வளவு தேறும்? தமிழ்நாட்டு அரசையோ, கொடுக்காத அரசு என்று சொல்லமுடியாது. 2006இல் தமிழ்ப் பெயர் சூட்டிய படங்களுக்கெல்லாம் கேளிக்கைவரி விலக்கு அளித்தது. கோடிகோடியாகச் செலவிட்ட பெரும்படங்களும் பெயர்ப்பலகையைத் தமிழாக்கியே அச்சலுகையைப் பெற்றன. பெயருக்குப் பொருள் கிடைத்தது, கதைக்குக் கிடைக்கவில்லை. குறைந்த செலவிலான தரமான படங்களுக்கு மானியம் என்னும் திட்டமும் உண்டு. அது படம் முடிந்து, தணிக்கை பெற்று, தேர்வுக்குழு பார்த்த பின்னர் வருவது. கடன்காரரை அமைதிப்படுத்த உதவலாம். எழுதுபவனின் அடுப்பை எரியவைக்க உதவாது. அண்டை மாநிலத்தைப் பாருங்கள். கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம், பெண் இயக்குநர்களின் முதல் முயற்சிகளைத் தாளில் இருக்கும்போதே தேர்ந்தெடுத்து, படமொன்றுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்கும் திட்டத்தை 2019இல் தொடங்கியது. மலையாளப் படம் நன்றாக இருக்கிறது என்று வியக்கும் தமிழர், அதற்குப் பின்னுள்ள இந்த முன்னேற்பாட்டை வியப்பதில்லை.

இனி, சங்கங்கள் சொல்லும் மறுப்புகளுக்கு வருகிறேன்.

சினிமா வணிகம், வணிகத்துக்கு வணிகரே முதல் போடட்டும் என்பது ஒன்று. அச்சுத்தொழிலும் வணிகமே. அதற்காகக் கவிதை நூல் வெளியிடச் சங்கம் உதவாமல் இருக்கிறதா? வணிகர் கையில் விடத்தக்கதை விடலாம். வணிகர் தொடாததைத் தொடுவதற்குத்தான் சங்கம். அன்றியும், ஆண்டுவிழாவுக்குத் திரைப்படப் பாடகரையும் நடிகரையும் விமானச்சீட்டு அனுப்பி வரவழைக்கும்போது சினிமா வணிகம் என்னும் நினைவு நமக்கு வருவதில்லையே! ஓரிரவுக் கச்சேரிக்குக் கொடுப்பதை ஓராண்டு எழுத்துக்குக் கொடுக்கக் கூசுவது என்ன முறை?

நாங்கள் இலக்கியச் சங்கம், படச் சங்கம் அல்ல என்பது இரண்டாவது. திரைக்கதையும் எழுத்துதான். ‘அக்ரஹாரத்தில் கழுதை’யின் திரைக்கதை நூலாகவே வெளிவந்து, படத்தைக் காணாதவராலும் படிக்கப்பட்டது. மேலும், டில்லியில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுள் பலர் தமிழைக் கேட்டு அறிவர், படித்து அறியார். அவர்களுக்குத் தமிழ் இலக்கியம் சென்றுசேரும் வாயில் இன்று திரைதான். 1980களில் ஞாயிறு பிற்பகல்தோறும் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய விருதுபெற்ற மாநிலமொழிப் படங்களால்தான் டில்லிக் குடும்பங்கள் பல, வங்காளியின் வீட்டையும் மலையாளியின் முற்றத்தையும் கண்டன. நம் வீடு அத்திரையில் எத்தனைமுறை தெரிந்தது? வீட்டில் தமிழ் பேசு என்று பிள்ளையைக் கண்டிக்கும் நாம், அந்தத் தமிழில் அவன் காணத்தக்க படம் ஒன்று உருவாக என்ன செய்தோம்?

கொடுத்த பணத்தில் திரைக்கதை எழுதப்பட்டு, படமாகாமலே போனால் நட்டம் அன்றோ என்பது மூன்றாவது. பத்துத் திரைக்கதைகளில் ஏழு படமாகாமல் போகலாம். விதைநெல் முழுவதும் முளைக்காது என்பதற்காக நாற்றங்காலைத் தரிசாகப் போடும் உழவன் உண்டா? முளைத்த மூன்று ஊருக்குச் சோறு போடும். மற்ற ஏழும் நூலாகி நூலகத்தில் இருக்கும். எழுதிய கை பழகியிருக்கும்.

அரசு செய்யவேண்டியதை நாம் ஏன் செய்யவேண்டும் என்பது நான்காவது. டில்லித் தமிழர் இக்கேள்வியைக் கேட்பது பொருந்தாது. இந்நகரில் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்றபோது, அரசு தரட்டும் என்று முன்னோர் காத்திருக்கவில்லை. 1920களில் சிறு அளவில் தொடங்கிய முயற்சி, இன்று ஏழு பள்ளிகளை நடத்தும் டில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக நிற்கிறது. இராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மேல் 1973இல் குடமுழுக்குக் கண்ட சுவாமிநாதன் கோயிலும் அன்பர்கள் அளித்த பொருளால் எழுந்ததே. 1946இல் தொடங்கிய டில்லித் தமிழ்ச் சங்கத்தை எந்த அமைச்சகம் தொடங்கியது? கட்டவேண்டியதைத் தாமே கட்டிக்கொண்ட மக்கள் நாம்.

பொதுமக்கள் பணத்தில் படம் எழுவது புதுமையும் அன்று. ஷ்யாம் பெனகலின் ‘மந்தன்’ (1976) குஜராத்தின் பால் உற்பத்தியாளர் ஐந்து லட்சம் பேர் ஆளுக்கு இரண்டு ரூபாய் கொடுத்து எழுந்தது. ஜான் ஆபிரகாமும் தோழர்களும் ஒடேஸா என்னும் குழு அமைத்து, கேரளத்தின் ஊர்தோறும் படம் காட்டிச் சில்லறை திரட்டி ‘அம்ம அறியான்’ (1986) எடுத்தனர். தமிழில் ஜெயபாரதியின் ‘குடிசை’ (1979) பொதுமக்களிடம் திரட்டிய பணத்தில் உருவானது. லீனா மணிமேகலையின் ‘மாடத்தி’யும் (2019) அவ்வாறே. இவர்களுள் ஒவ்வொருவரும் தனித்தனியே உண்டியல் ஏந்தவேண்டியிருந்தது. படைப்பவன் உண்டியலோடு அலையும் ஆண்டுகள் அவன் படைக்காத ஆண்டுகள். நிலையான நிதி ஒன்று இருந்தால் அந்த ஆண்டுகள் தமிழுக்கு மிஞ்சும்.

எதை எழுதுவது என்று தேடவும் வேண்டுவதில்லை. நம் வாசலிலேயே கிடக்கிறது. ஜங்புரா அருகே பாராபுல்லா வாய்க்கால் கரையில் அரை நூற்றாண்டுக்கு மேலாக இருந்த மதராசி கேம்ப், 2025 ஜூன் 1 அன்று நீதிமன்ற ஆணைப்படி இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள். அவற்றுள் 189 குடும்பங்களே மாற்றிடத்துக்குத் தகுதியுடையவை எனக் கொள்ளப்பட்டு, நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில் வீடு ஒதுக்கப்பெற்றன. அங்கிருந்த பெண்களுள் பலர் தெற்கு டில்லி வீடுகளில் சமையலும் துப்புரவும் செய்து பிழைத்தவர்கள்; பிள்ளைகளுள் பலர் நம் கல்விக் கழகப் பள்ளியில் தமிழ் படித்தவர்கள். செய்தித்தாள்கள் ஒரு வாரம் எழுதின, பிறகு மறந்தன. தலைநகரில் தமிழர் வாழ்ந்த ஒரு முழு ஊர் இல்லாமற்போன கதை இது. இதனை எழுதப் புகுபவர் நரேலாவில் ஆறு மாதமாவது தங்கவேண்டும். தகுதி மறுக்கப்பட்டவர் எங்கெங்கே சிதறினர் என்று தேடிச்செல்ல வேண்டும். எந்தத் தயாரிப்பாளர் அந்த ஆறு மாதத்துக்குப் பணம் கொடுப்பார்? நாமும் கொடுக்காவிடில் அது எழுதப்படாது. எழுதப்படாதது இன்னும் இருபது ஆண்டில் நிகழாதது போலாகிவிடும். சங்க மலர்களில் டில்லித் தமிழர் வரலாறு என்று உயர் அலுவலர் பெயர்களையும் கட்டடத் திறப்பு நாட்களையும் மட்டுமே எழுதிவரும் நமக்கு, அந்த வரலாற்றில் பாத்திரம் துலக்கிய கைகளும் உண்டு என்று சொல்ல ஒரு படம் வேண்டாவா?

குறை கூறி நிறுத்துவது எளிது. ஆதலின் செய்யத்தக்கதையும் சொல்கிறேன். ஆயிரம் குடும்பங்கள் ஆண்டுக்கு 500 ரூபாய் கொடுத்தால் 5 லட்சம் ஆகும். ஒரு குடும்பம் ஒருமுறை திரையரங்குக்குப் போய்வரும் செலவைவிட இது குறைவு. அந்த 5 லட்சத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவருக்கு மாதம் 25,000 வீதம் ஓராண்டுக்கு 3 லட்சம். மூலக்கதை உரிமைக்கு 50,000. பயணத்துக்கும் களத்தில் தங்குவதற்கும் 75,000. எஞ்சிய 75,000 மூத்தோர் இருவரைக்கொண்டு திரைக்கதையைத் திருத்தவும் இறுதியில் நூலாக அச்சிடவும். தேர்வைச் சங்க நிர்வாகிகள் செய்யலாகாது. எழுத்தாளர் ஒருவர், படமெடுத்த அனுபவமுள்ளவர் ஒருவர், தேர்ந்த வாசகர் ஒருவர் ஆகிய மூவர் போதும். அவர்களும் ஈராண்டுக்கு ஒருமுறை மாறவேண்டும். பணம் ஒரே தவணையாக அன்றி, ஒவ்வொரு படி எழுதி முடிக்கும்தோறும் செல்லவேண்டும். திரைக்கதை படமாகும் நாள் வந்தால், படப்பிடிப்பின் முதல் நாளிலேயே சங்கத்தின் தொகை தயாரிப்புச் செலவிலிருந்து நிதிக்குத் திரும்பவேண்டும்; அது அடுத்தவருக்குப் படியாகும்.

ஒரு நிபந்தனை மட்டும் தவறக்கூடாது. பணம் கொடுத்தோம் என்பதற்காகக் கதையில் கைவைக்கும் உரிமை சங்கத்துக்கு இல்லை. ‘அக்ரஹாரத்தில் கழுதை’யை ஒரு சங்கத்தின் செயற்குழு திருத்தியிருந்தால் கழுதையும் போயிருக்கும், அக்ரஹாரமும் போயிருக்கும், வரவேற்புரையும் நன்றியுரையும் மிஞ்சியிருக்கும். எழுதுபவர் தரப்புக்கும் ஒரு சொல். பொதுப்பணம் பெறுபவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். கலைஞன் என்னும் பட்டம் தவணை தவறுவதற்கு அனுமதிச்சீட்டு ஆகாது. குடும்பங்கள் தம் மாதச் செலவிலிருந்து எடுத்துத் தந்த பணம் அது என்னும் நினைவு இருபுறத்தும் இருக்கவேண்டும்.

பொதுக்குழுக் கூட்டங்களில் வரவு செலவுத் திட்டம் படிக்கப்படும்போது, விழாச் செலவு, மலர்ச் செலவு, விருந்தினர் செலவு என்ற வரிகள் எதிர்ப்பின்றி நிறைவேறுகின்றன. அவற்றின் கீழே ‘திரைக்கதை எழுதுவார்க்கு ஓராண்டுப் படி’ என்று ஒரு வரியைச் சேர்க்குமாறு உறுப்பினர் எவரேனும் எழுந்து கேட்கவேண்டும். மறுப்பவர், காரணத்தையும் எழுந்து நின்று சொல்லட்டும். அது நடவடிக்கைக் குறிப்பில் ஏறட்டும்.